இலத்தூர்ப் பக்கம் ஒரு அடுக்களை

கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் ஏழு அடுக்களைகளில் சமைத்திருக்கிறேன். ஏழும் அடுத்தவர் அடுக்களை. முதலாவதில் நிமிர்ந்து நின்றால் தலை பரணில் இடிக்கும். இரண்டாவதில் ஜன்னலே கிடையாது. மிளகாய் வறுக்கிற அன்று நானும் பிள்ளையும் தெருவில் நின்று இருமுவோம். மூன்றாவது குற்றாலத்தில். வீடு என்னவோ நல்ல வீடுதான், ஆனால் ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் வீட்டின் சொந்தக்காரர் வாசலில் வந்து நிற்பார். சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட வேண்டுமாம். நாங்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு சிவகிரியில் என் நாத்தனார் வீட்டில் மூன்று மாதம் கிடந்துவிட்டு ஆவணியில் திரும்பி வருவோம். அடுப்பு மேடை முழுக்க யாரோ மீன் பொரித்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். நாலாவதில் ஆறு மணிக்கு மேல் மிக்சி போடக் கூடாது. மற்ற மூன்றையும் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பேசக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதனால் இலத்தூருக்கு மேற்கே, குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி மேடாகக் கிடந்த ஐந்து சென்ட் மனையை வாங்கியபோது நான் வீட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. அடுக்களையைத்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார். போனில் கேட்டார், “ஹாலு எப்படி வேணும்ட்டி?” எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அடுக்களை மட்டும் பத்துக்குப் பன்னிரண்டு. கிழக்கே பெரிய ஜன்னல். மேடை ‘ட’ மாதிரி மடங்கி வர வேண்டும். நடுவில் நான் கையை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் எதிலும் இடிக்கக் கூடாது. இன்ஜினியர் வரைந்து கொடுத்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசில் எல்லோரிடமும் காட்டினேன். கேட்காதவர்களிடமும் காட்டினேன்.

அப்போது இருந்த ஏழாவது வீட்டின் சொந்தக்காரர் ஆவணிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். அவர் மகன் குடும்பத்தோடு வருகிறானாம். ஆக, ஆவணிக்குள் என் அடுக்களை எழும்பியாக வேண்டும். மாசியில் பூஜை போட்டு வானம் தோண்ட ஆரம்பித்தோம். அஸ்திவாரக் குழிக்கு எங்கள் பக்கம் வானம் என்றுதான் பெயர்.

இரண்டாம் நாள், அடுக்களை வருகிற மூலையில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு கல் வந்தது. ஒரு சாண் நீளம். கருப்பு. ஒரு முனை கூம்பி, மறு முனை அகலமாய், எண்ணெய் தடவினது மாதிரி வழவழ என்றிருந்தது. கூடவே கருப்புச் சட்டி ஓடுகள் வந்தன. ஓடுகளை யாரும் சட்டை செய்யவில்லை. மண் சுமந்த சித்தாள் பெண்தான் கல்லைக் கையில் எடுத்துப் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள்.

“யக்கா, இதுல என்னமோ இருக்கு பாத்துக்கிடுங்க. இம்புட்டு வழுவழுப்பா ஒரு கல்லு சும்மா கெடைக்குமா?” என்றாள். மனையின் ஓரத்தில் நின்ற வேம்படியில் அதை நட்டு வைத்துக் கும்பிட்டாள். சரி, நல்ல மனசு, கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரில் வழவழப்பான கல்லை வேம்படியில் செங்குத்தாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விட்டேன், கூறுகெட்டவள். மறுநாள் அதன் மேல் மஞ்சள் இருந்தது. அதற்கு மறுநாள் குங்குமமும் சிவப்புத் துணியும். வெள்ளிக்கிழமை ஏழெட்டுப் பெண்கள் பொங்கல் வைத்தார்கள். நானும் ஒரு விளக்குப் போட்டு, வேறு எங்காவது போய் இருக்கும்படி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை யாருக்கோ காய்ச்சல் விட்டுவிட்டது. அதோடு என் கதை முடிந்தது. தகரக் கொட்டகை போடலாம் என்று பேச்சு எழுந்தது. கொட்டகையின் நிழல் சரியாக என் அடுக்களைக்குள் விழும்.

கொத்தனார் கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, வேலையை நிறுத்திட்டிய?”

“அம்மன் மேல ஒரு சொட்டுக் கலவ தெறிச்சிச்சின்னா என் பொழப்பு என்னத்துக்கு ஆவும்? நீங்க மொதல்ல சாமிகிட்ட ஒரு முடிவு பேசுங்க. பொறவு நான் கரண்டியத் தொடுதேன்.”

நான் தாலுகா ஆபீசில் தட்டச்சர். எங்கள் ஆட்களுக்கு வயிற்றுவலி வந்தால்கூட முதலில் தோன்றுவது ஒரு மனு எழுதலாமா என்பதுதான். அன்று மத்தியானமே உட்கார்ந்து அடித்தேன். பொருள்: மனையில் தோன்றியுள்ள பழங்காலக் கல்லினை அப்புறப்படுத்தக் கோருதல் – சார்பாக. சாமியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று எந்தத் துறைக்கும் எழுத முடியாது. பழங்காலக் கல் என்றால் தொல்லியல்காரர்கள் வருவார்கள், சர்க்கார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள், ஊரில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ‘மிகத் தொன்மை வாய்ந்ததாகக் காணப்படுகிறது’ என்று நானாக ஒரு வரியைச் சேர்த்தேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது. கல் என்றாலே பழசுதானே என்று போட்டதுதான்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். ஒன்பதாம் நாளே ஆள் வந்து நின்றது இந்த மனுவுக்கு மட்டும்தான்.

வந்தது ஒரு சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. சேலத்துப் பக்கம். தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா. அதிகாரி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கல்லை எடுத்துக் குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். அகலமான முனையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மேடம், இது கற்கோடாரி. தேய்ச்சுத் தேய்ச்சே கூராக்குனது. புதிய கற்காலம்” என்றாள்.

“நல்லது. எடுத்துட்டுப் போயிருங்க” என்றேன்.

“கல்லை மட்டும் எடுத்துட்டுப் போனா ஆகாது மேடம்” என்றவள், நான் பார்த்துப் பார்த்துத் தோண்டின குழிக்குள் குதித்தாள். அதன் சுவரில் சாம்பல் பட்டையையும் ஓடுகளையும் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது என்றாள். மகராசி, எனக்கும் அதுதானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“வேலில போன ஓணானை எடுத்து மடில விட்டுக்கிட்டியேட்டி!” என்றார் என் வீட்டுக்காரர் போனில். ஆமாம், என் தப்புதான் என்றேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

தொல்லியல்காரர்கள் ஆனி முடியத் தோண்டிவிட்டு, மூடி, மனையைத் திருப்பிக் கொடுப்பதாக எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். சித்தாள் பெண் மட்டும், “சாமிய டப்பால போட்டு எங்கன கொண்டு போறிய?” என்று அதிகாரியிடம் சண்டைக்குப் போனாள். பிறகு அவளே பூ போட்டுப் பார்த்து, அம்மன் சம்மதித்துவிட்டதாகச் சொல்லி, ரோட்டோரப் புறம்போக்கில் வேறொரு கல்லை நட்டாள். அம்மன் ஒரே நாளில் இடத்தைக் காலி செய்துகொடுத்தாள். அது என்னவோ அவளிடம் எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் நான் தினமும் அங்கே போனது சண்டை போடத்தான். ஆபீசுக்கு முன்னால் ஒரு தடவை, லீவு நாளென்றால் காலையிலிருந்து. பிளாஸ்டிக் நாற்காலியைக் குழியோரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இன்னும் எத்தன நாளாவும்?” என்று கேட்பேன். அவர்கள் மண்வெட்டியால் தோண்டினால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். மேல் மண் போனதும் கரண்டி, பிறகு பிரஷ். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒருத்தி ஒரு நாள் முழுக்கத் தரையைத் தேய்த்தாள். என் வீட்டில் யாரும் எதையும் அப்படித் தேய்த்ததில்லை.

அந்தத் தேய்ப்பில் ஒரு வீடு மெல்ல வெளியே வந்தது. சுவர் இல்லை. கம்பு நட்ட இடங்கள் மட்டும், மண்ணில் கருவட்டம் கருவட்டமாக, வளைந்து போயின. கம்பு மக்கிப்போய்க் குழி மட்டும் வேறு நிற மண்ணாய் நிற்குமாம். உள்ளே அடித்துக் கெட்டித்து மெழுகின தரை. அளந்து பார்த்தால் மொத்த வீடும் என் அடுக்களையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு ஓரத்தில் மூன்று கல் வைத்த அடுப்பு. அதன் பக்கத்தில் அரைக்கிற கல், நடுவில் தேய்ந்து குழிந்து. குளத்து நத்தை ஓடுகள், வெட்டுத் தழும்போடு ஆட்டெலும்பு, மாட்டெலும்பு. அடுப்புச் சாம்பலைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்தார்கள். கருகின தானியம் மேலே மிதந்தது. அதிகாரி லென்சை நீட்டினாள்.

“இது பாசிப்பயறு. இது கொள்ளு மேடம்.”

“காணம்!” என்று கொள்ளுக்கு எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். முந்தின நாள்தான் காணத்துவையல் அரைத்திருந்தேன். என்னையறியாமல், “இதை அவ வறுத்து அரைச்சாளா, அவிச்சுத் தின்னாளா?” என்று கேட்டேன்.

“சமைச்சது ஒரு பெண்தான்னு எப்படி மேடம் சொல்றீங்க?”

“ஆம்பள பொழங்கின அடுப்பு இம்புட்டுச் சுத்தமாவா இருக்கும்?”

“அதை ரிப்போர்ட்ல எழுத முடியாதுங்க.”

அதிகாரி எழுத வேண்டாம். எனக்கு அது அவள்தான். குத்த வைத்து உட்கார்ந்தால் வலக்கைக்கு அரைகல், இடக்கைக்கு அடுப்பு, பின்னால் கைநீட்டினால் பானை. எழுந்திருக்கவே வேண்டாம். வைத்த சாமான் வைத்த இடத்தில் இருந்திருக்கிறது. ஒருத்தன் வந்து ஆணி அடிக்காதே என்று சொல்லியிருக்க மாட்டான். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. என்னிடம் பட்டா இருந்தது, அவளிடம் அடுக்களை இருந்தது.

அடுப்பு ஆரம்பத்தில் வேறு இரண்டு இடங்களில் இருந்து, மூன்றாவதாகத்தான் அந்த ஓரத்துக்கு வந்திருக்கிறது என்று சாம்பலை வைத்து அதிகாரி சொன்னாள். ஏனென்று அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வந்து அறையும். புகை கண்ணைக் கரிக்கும். மாற்றாமல் என்ன செய்வாள்? நானே இரண்டாவது வீட்டில் ஸ்டவ்வை நாலு தடவை மாற்றியிருக்கிறேன். அதிகாரி, “இருக்கலாம்” என்றாள். அவள் எதற்கும் அதைத்தான் சொல்வாள்.

ஆனி பிறந்தது. மேற்கே மலை மறைந்து சாரல் தூற ஆரம்பித்தது. மாதக் கடைசியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கடைசி அளவுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாலைந்து நாள்தான். கொத்தனாருக்கு நான் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு அதிகாரி என்னைக் குழிக்குள் வரச் சொன்னாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

குழியின் கிழக்குச் சுவரில், அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு சின்னப் பானை பாதி தெரிந்தது. மீதி, தோண்டாத மண்ணுக்குள். வாயை இன்னொரு சட்டியால் மூடியிருந்தது. பானையின் பக்கவாட்டில் ஒரு விரிசல். விரிசல் வழியாக டார்ச் அடித்துக் காட்டினாள். கோழிக் குஞ்சின் எலும்பு மாதிரி மெல்லிசாக என்னவோ.

“கைக்குழந்தை மேடம்” என்றாள். “இந்த மாதிரி பழைய ஊர்கள்ல, பிறந்து கொஞ்ச நாள்ல தவறின பிள்ளைங்களைப் பானையில வச்சு வீட்டுக்குள்ளயே தரைக்கு அடியில புதைப்பாங்க. வெளிய கொண்டு போக மாட்டாங்க.”

அவள் கரண்டி நுனியால் சுவரில் மெல்லிய கோடுகளைக் காட்டினாள். ஒவ்வொரு கோடும் ஒரு தடவை தரை மெழுகினது. கீழே உள்ள கோடுகள் பானைக்குழிக்கு இரண்டு பக்கமும் அறுந்து நின்றன. மேலே உள்ளவை அறாமல் பானைக்கு மேலாகப் போயின.

“பிள்ளையைப் புதைச்ச பிறகு ஒன்பது தடவை மெழுகியிருக்காங்க. இங்கயேதான் இருந்திருக்காங்க. இன்னொண்ணு மேடம், அடுப்பு மூணாவது இடத்துக்கு வந்தது அந்தச் சமயத்துலதான். அதுக்கப்புறம் நகரவே இல்ல.”

ஒன்பது கோட்டையும் நானே விரல்வைத்து எண்ணினேன். ஒன்பதுதான். புகையைப் பற்றி அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை.

மேலே ஏறி வந்ததும் அதிகாரி விஷயத்தைச் சொன்னாள். பானையின் மறுபாதி அவர்களுக்கு அனுமதியுள்ள எல்லைக்கு வெளியே இருக்கிறது. நான் ஒரு ஆட்சேபணையில்லாக் கடிதம் கொடுத்தால் இரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள். பரிசோதனைக்கு அனுப்பினால் பிள்ளை எத்தனை மாதம், தாய் என்ன சாப்பிட்டாள் என்றெல்லாம் தெரியவரும். “அதுக்கப்புறம் நீங்க தாராளமா கட்டலாம் மேடம்.” அந்த இடத்தில்தான் என் அடுக்களையின் தூண் வருகிறது. கிழக்கு ஜன்னல், மடங்கி வரும் மேடை, எல்லாம் அதற்கு மேலேதான்.

கடிதத்தை அடிப்பது எனக்கு இரண்டு நிமிஷ வேலை. மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து அடித்தேன். ‘மேற்படி இடத்தில் உள்ளதை அப்புறப்படுத்தி, இடத்தினைக் காலி செய்து என் வசம் ஒப்படைப்பதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை’ என்று வந்தது. தினம் அடிக்கிற வாசகம்தான், கை தானாக அடித்துவிட்டது. பிறகு படித்துப் பார்த்தேன். இடத்தைக் காலி செய்து. இருபத்தோரு வருஷமாக இதை எத்தனை வாயால் கேட்டிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரி ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன். எங்கள் ஆபீசில் அது நம்பக்கூடிய காரணம்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மனைக்குப் போனேன்.

“அது அங்கனயே இருக்கட்டும்” என்றேன்.

அதிகாரி முகம் செத்துவிட்டது. “மேடம், இது எவ்வளவு முக்கியம் தெரியுமா? அந்தப் பிள்ளையைப் பத்தி நாம தெரிஞ்சுக்கவே முடியாது.”

“தெரிய வேண்டியது பெத்தவளுக்குத் தெரியும். ஏட்டி, ஒன்பது தடவ மெழுகிருக்கா.” அதிகாரியை ஏட்டி என்று கூப்பிட்டது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவள் கோபப்படவில்லை. ஆனால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. படித்த பிள்ளை, ராப்பகலாய் உழைத்தது, அதன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று சங்கடமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் அவளே பானையைப் படம் வரைந்து, அளந்து, சல்லடையில் சலித்த மணலைத் தன் கையால் அள்ளி அள்ளி அதைச் சுற்றி நிரப்பினாள். மேலே யாரும் தோண்டவோ கட்டவோ கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டாள். அதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் பயம். சொன்னேன்.

“ஆயிரம் ஆயிரம் வருசத்துக்கு முந்தி செத்த பிள்ளைக்கு நாம எதுக்குட்டி எடம் விடணும்? நீதான அடுக்கள அடுக்களன்னு என் உயிர எடுத்த?”

வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் கிரேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, “அழாத சவமே. மிச்சம் எத்தன அடி வரும்?” என்றார்.

ஆறுக்கு ஏழு வந்தது. இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். தூணை உள்ளே தள்ளி, மேடையை ஒற்றையாக்கி, ஃப்ரிட்ஜைக் கூடத்துக்கு அனுப்பினார். ஆவணிக்குள் முடியவில்லை. எட்டாவதாக ஒரு வாடகை வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். அந்த அடுக்களையைப் பற்றியும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

தையில் பால் காய்ச்சினோம். சிவகிரியிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். பந்திக்கு அப்பளம் பொரிக்க அவரும் உள்ளே வந்தார். இரண்டு பேர் நின்றால் மூன்றாவதாகக் காற்று நுழைய இடமில்லை. அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். வெறும் தரை, புல்கூட வைக்காமல், சுத்தமாகக் கிடந்தது.

“என்னட்டி இது, உள்ள மூச்சு முட்டுது, வெளிய இம்புட்டு எடம் சும்மா கெடக்கு! இழுத்துக் கட்டிருக்கலாம்லா?”

அப்பளத்தைத் திருப்பிப் போட்டேன்.

“அங்கன ஆள் இருக்காவ மைனி” என்றேன். “நமக்கு முந்தியே குடி வந்தவிய.”